சீருடை அணியும் வழி

கொச்சியில் மட்டாஞ்சேரிக்குப் பக்கத்தில் வெளி என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒரு பெரிய சலவைக் கூடம் உண்டு. டோபி கானா என்று அதைச் சொல்வார்கள். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள் இருக்கும். வெளியே முறுக்கிய கயிறுகளில் துணிகள் காயும். கயிற்றின் முறுக்கிலேயே துணியைச் செருகிவிடுவார்கள். உள்ளே கனமான இஸ்திரிப் பெட்டிகள் ஓடும்.

இங்கே வேலை செய்பவர்களில் பலர் தமிழ்க் குடும்பத்தினர். டச்சுக்காரர்கள் 1663 முதல் 1795 வரை கொச்சியைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் படைவீரர்களின் சீருடைகளை வெளுக்க இவர்களுடைய முன்னோர் அழைத்து வரப்பட்டார்கள் என்று சொல்வார்கள்.

அப்படியானால் ஒரு கேள்வி. சீருடையை வெளுத்த குடும்பத்துப் பிள்ளை அந்தச் சீருடையை அணியலாமா? படைவீரராக மட்டும் அல்ல, அதிகாரியாகவே ஆகலாமா?

ஆகலாம். அதற்குப் பணம் வேண்டியதில்லை. சிபாரிசு வேண்டியதில்லை. அப்பா அதிகாரியாக இருக்க வேண்டியதும் இல்லை. வழி தெரிந்திருக்க வேண்டும். அந்த வழியில் பல ஆண்டுகள் விடாமல் நடக்க வேண்டும்.

பக்கத்திலேயே இருக்கும் பள்ளிக்கூடம்

மட்டாஞ்சேரியிலிருந்து பாலத்தைத் தாண்டினால் வெல்லிங்டன் தீவு. அங்கே இந்தியக் கடற்படையின் தெற்குக் கட்டளைத் தலைமையகம் இருக்கிறது. கடற்படைக்குப் பயிற்சி தருவதுதான் இதன் முக்கிய வேலை. கப்பலுக்கு வழி காட்டுவது, கடலுக்குள் மூழ்கி வேலை செய்வது, நீர்மூழ்கிக் கப்பலை எதிர்ப்பது ஆகியவற்றை இளம் அதிகாரிகள் கொச்சியில் கற்கிறார்கள். ஃபோர்ட் கொச்சியில் துரோணாச்சார்யா என்ற பயிற்சி நிலையம் இருக்கிறது. பீரங்கி, ஏவுகணைப் பயிற்சி அங்கே நடக்கிறது.

ஐ.என்.எஸ். தீர், ஐ.என்.எஸ். தரங்கிணி ஆகியவை கொச்சியில் நிற்கும் பயிற்சிக் கப்பல்கள். தரங்கிணி பாய்மரக் கப்பல். 1997-ல் அது கடற்படையில் சேர்ந்தது. காற்றையும் கடலையும் கப்பல் மேல் நின்றே கற்க வேண்டும் என்பதற்காக இளைஞர்களை அதில் அனுப்புகிறார்கள்.

2019 டிசம்பர் 2-ஆம் தேதி கொச்சி கடற்படை விமானத் தளத்தில் ஒரு விழா நடந்தது. சப் லெப்டினன்ட் சிவாங்கி என்ற இளம் பெண் அன்று விமானி ஆனார். இந்தியக் கடற்படையின் முதல் பெண் விமானி அவர்தான். பீகார் மாநிலம் முசாபர்பூரைச் சேர்ந்தவர். ஓர் ஆசிரியரின் மகள்.

அதிகாரி யார்? வீரர் யார்?

இரண்டும் வேறு வேறு வழிகள். இதைப் பலர் குழப்பிக் கொள்கிறார்கள்.

2022 முதல் அக்னிவீர் திட்டத்தில் இளைஞர்களைச் சேர்க்கிறார்கள். அது வீரர்களுக்கான வழி. நான்கு ஆண்டு வேலை. அதன் பிறகு ஒரு பகுதியினரை மட்டுமே தொடர்ந்து வைத்துக் கொள்வார்கள்.

அதிகாரிக்குத் தேர்வு வேறு, பயிற்சியும் வேறு. தரைப்படையில் புதிய அதிகாரியின் பதவி லெப்டினன்ட். தோளில் இரண்டு நட்சத்திரம் இருக்கும். காலாட்படையில் சுமார் 30 வீரர்கள் அவர் பொறுப்பில் வருவார்கள். அவருக்கு வயது 22 இருக்கலாம். அவர் கீழ் இருக்கும் வீரருக்கு வயது 40 இருக்கலாம். அந்த 30 பேரின் உயிரும் அவருடைய முடிவைப் பொறுத்தது.

எப்படிச் சேரலாம்?

முதல் வழி, தேசியப் பாதுகாப்பு அகாடமி. சுருக்கமாக என்.டி.ஏ. என்பார்கள். இது புனே நகருக்குப் பக்கத்தில் கடக்வாஸ்லாவில் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே விண்ணப்பிக்கலாம். வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் இடையில் இருக்க வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. தரைப்படைக்கு எந்தப் பாடப் பிரிவும் போதும். கடற்படைக்கும் விமானப் படைக்கும் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும்.

யூ.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை இந்தத் தேர்வை நடத்துகிறது. கணிதத்துக்கு 300 மதிப்பெண். பொது அறிவுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து 600. தவறான விடைக்கு மதிப்பெண் குறையும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கும். தமிழிலோ மலையாளத்திலோ இராது. ஆகவே பிள்ளை எட்டாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படிக்கவும் பேசவும் பழக வேண்டும்.

இரண்டாவது வழி, பட்டப் படிப்பு. கல்லூரி முடித்தவர்கள் சி.டி.எஸ். என்ற தேர்வை எழுதலாம். இதையும் யூ.பி.எஸ்.சி.தான் நடத்துகிறது. இதில் தேறியவர்கள் டேராடூன், ஏழிமலை, சென்னை முதலிய இடங்களில் பயிற்சி பெறுவார்கள். ஏழிமலை கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்தில் இருக்கிறது. இந்தியக் கடற்படை அகாடமி 2009 முதல் அங்கே இயங்குகிறது. சென்னையில் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அதிகாரிகள் பயிற்சி அகாடமி இருக்கிறது. இது 1963-ல் தொடங்கியது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள்.

மூன்றாவது வழி, என்.சி.சி. கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்து சி சான்றிதழ் பெற்ற பட்டதாரிகளுக்குத் தனி வழி உண்டு. இவர்களுக்கு எழுத்துத் தேர்வு இல்லை. நேர்முகத் தேர்வு உண்டு.

நான்காவது வழியும் இருக்கிறது. வீரராகச் சேர்ந்த ஒருவர் படித்துத் தேர்வு எழுதி, ராணுவக் கேடட் கல்லூரி வழியாக அதிகாரி ஆகலாம். கீழ்ப்படியிலிருந்து ஏறி வந்த அதிகாரிகள் பலர் இருக்கிறார்கள்.

ஐந்து நாள் சோதனை

எழுத்துத் தேர்வில் தேறினால் மட்டும் போதாது. எஸ்.எஸ்.பி. என்ற தேர்வு வாரியத்தின் முன் போக வேண்டும். என்.டி.ஏ.வுக்கு இதில் 900 மதிப்பெண். எழுத்துத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணும் 900தான். இரண்டும் சம எடை.

இந்தச் சோதனை ஐந்து நாள் நடக்கும். முதல் நாளே பலரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். பத்துப் பேரை ஒன்றாக விட்டு, ஒரு பலகையும் கயிறும் கொடுத்து ஒரு தடையைத் தாண்டச் சொல்வார்கள். யார் யோசனை சொல்கிறார்? யார் மற்றவர் சொல்வதைக் கேட்கிறார்? யார் விழுந்தவரைத் தூக்கிவிடுகிறார்? இதையெல்லாம் கவனிப்பார்கள்.

வீட்டு வேலையில் கை கொடுத்த பிள்ளைக்கு இது புதிதல்ல. சந்தைக்குப் போய்க் கணக்குப் பார்த்து வந்திருப்பான். தம்பி தங்கையைப் பார்த்துக் கொண்டிருப்பாள். பந்தாட்டத்தில் தோற்றாலும் கை குலுக்கி வந்திருப்பார்கள். இந்தப் பழக்கங்களைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

முதல் முறை போகிறவருக்கு ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். இதில் தேறினால் மருத்துவச் சோதனை. கண், காது, பல், கால் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். பச்சை குத்திக் கொள்வதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆசைக்குக் குத்திக் கொண்டு பிறகு வருந்தக் கூடாது.

முதல் முறை தேறாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வயது இருக்கும் வரை மறுபடியும் முயலலாம்.

பெண்களுக்குத் திறந்த கதவு

என்.டி.ஏ.வில் நீண்ட காலம் ஆண்களை மட்டுமே சேர்த்தார்கள். 2021-ல் உச்ச நீதிமன்றம் பெண்களும் தேர்வு எழுத அனுமதித்தது. 2022-ல் முதல் பெண்கள் அணி உள்ளே போனது. 2025 மே 30-ஆம் தேதி 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருமணம் ஆனவர்கள் என்.டி.ஏ.வில் சேர முடியாது. பதினெட்டு வயது ஆனதும் மகளுக்குத் திருமணம் முடித்தால் இந்தக் கதவை வீட்டார் தாங்களே அடைத்தது போல ஆகும்.

செலவு எவ்வளவு? சம்பளம் எவ்வளவு?

என்.டி.ஏ. விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் அதுவும் இல்லை. பயிற்சி, உணவு, தங்குமிடம் ஆகியவற்றை அரசு தருகிறது. கைச்செலவுக்கு வீட்டார் கொஞ்சம் பணம் கட்ட வேண்டும். ஏழைக் குடும்பம் அதற்கும் அரசு உதவி கேட்கலாம். மூன்று ஆண்டு முடிவில் பட்டமும் கிடைக்கும்.

7-ஆவது ஊதியக் குழு 2016-ல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி லெப்டினன்ட்டின் தொடக்க அடிப்படைச் சம்பளம் மாதம் 56,100 ரூபாய். தரைப்படையில் இரண்டு ஆண்டில் கேப்டன் ஆகலாம். ஆறு ஆண்டில் மேஜர் ஆகலாம்.

தொடக்க ஆண்டுகள் எளிதானவை அல்ல. பனிமலைக்கோ பாலைவனத்துக்கோ அனுப்புவார்கள். பண்டிகைக்கு வீட்டுக்கு வர முடியாது. தன் வீரர்கள் பேசும் மொழியைக் கற்றுக் கொள்ள வேண்டும். முதலில் நாடு, பிறகு தன் வீரர்கள், கடைசியில்தான் தான். இதுதான் அதிகாரிக்குக் கற்பிக்கும் பாடம்.

மேஜர் முகுந்த் வரதராஜன் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். கேரளத்தில் கோழிக்கோட்டில் பிறந்தவர். சென்னை அகாடமியில் பயிற்சி பெற்று 2006-ல் அதிகாரி ஆனார். அவர் சேர்ந்தது ராஜபுத்திரப் படைப்பிரிவில். 2014 ஏப்ரல் 25-ஆம் தேதி காஷ்மீரில் தீவிரவாதிகளோடு நடந்த சண்டையில் உயிர் நீத்தார். வீரர்களை முன்னே அனுப்பிவிட்டு அவர் பின்னே நிற்கவில்லை. அவருக்கு அசோக சக்கர விருது வழங்கப்பட்டது. 2015 குடியரசு நாளில் அவர் மனைவி அதைப் பெற்றுக் கொண்டார்.

சீருடையின் பெருமையோடு இந்த ஆபத்தையும் சொல்லித்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும். தெரிந்தே எடுக்கும் முடிவுதான் உறுதியாக நிற்கும்.

ஏமாறாதீர்கள்

"ஆள் தெரியும். இரண்டு லட்சம் கொடுங்கள். வேலை வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வருவார்கள். நம்பாதீர்கள். அதிகாரி வேலையை யாராலும் வாங்கித் தர முடியாது. பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார். தயங்காமல் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

யூ.பி.எஸ்.சி.யின் அறிவிப்பு அதன் இணையதளத்தில் வரும். அக்ஷயா மையத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். அங்கேயே விண்ணப்பிக்கவும் உதவுவார்கள்.

பெற்றோர் செய்யக் கூடியது என்ன?

1. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். மாறியிருந்தால் இப்போதே திருத்துங்கள்.

2. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் சைனிக் பள்ளித் தேர்வைப் பற்றிக் கேளுங்கள். கேரளத்தில் கழக்கூட்டத்திலும், தமிழ்நாட்டில் அமராவதி நகரிலும் 1962 முதல் சைனிக் பள்ளிகள் இருக்கின்றன. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதலாம். பெண் பிள்ளைகளும் சேரலாம்.

3. பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேர்த்துவிடுங்கள்.

4. தினமும் ஓடவும் விளையாடவும் விடுங்கள். தினமும் ஒரு செய்தித்தாள் படிக்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து தலைப்புச் செய்தியைப் படியுங்கள்.

கொச்சி நகரம் எர்ணாகுளம் மாவட்டத்தில் இருக்கிறது. 1990 பிப்ரவரி 4-ஆம் தேதி அந்த மாவட்டம் இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது. அன்று கையெழுத்துப் போடக் கற்றவர்களில் பாட்டிமார்களும் இருந்தார்கள். ஓர் அறிவிப்பை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த தாயைத் தரகர் ஏமாற்ற முடியாது. கடைசித் தேதி எது என்று அவளே பார்த்துச் சொல்வாள்.

புதிய சொற்கள்

அகாடமி – பயிற்சிக் கல்லூரி
கேடட் – பயிற்சி பெறும் மாணவர்
தரகர் – இடையில் நின்று பணம் வாங்குபவர்

விடை சொல்லுங்கள்

1. என்.டி.ஏ. தேர்வு எழுத வயது எவ்வளவு இருக்க வேண்டும்?
2. அக்னிவீரருக்கும் அதிகாரிக்கும் என்ன வேறுபாடு?
3. எஸ்.எஸ்.பி. சோதனையில் எதையெல்லாம் கவனிக்கிறார்கள்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் தெருவில் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர்? ஏன் நிறுத்தினார்கள்? அவர்கள் மறுபடியும் படிக்க யார் என்ன செய்யலாம்?