கப்பல் வராத காலம்

மல்லேஸ்வரம், பெங்களூர்.

சிரஞ்சீவி மருமானுக்கு மாமா எழுதிக்கொண்டது. விடுமுறையில் தரங்கம்பாடிக்குப் போவதாகவும், டேனிஷ்காரர் கோட்டையையும் பாதிரியார் சீகன்பால்குவின் அச்சுக்கூடத்தையும் தவிர அவ்வூரில் அறியத்தக்கது உண்டா என்றும் கேட்டிருந்தாய். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் தமிழ்க் கடிதம் விடுத்து அங்கே இடமளித்ததும், 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியதும் எல்லாப் புத்தகங்களிலும் உள்ளன. அவ்விரண்டுக்கும் நடுவே அதிகம் பேசப்படாத ஒரு காலம் உண்டு, அதைச் சொல்கிறேன்.

வாணிபம் நஷ்டப்பட்டு, 1650இல் டேனிஷ் கம்பெனி கலைக்கப்பட்டது. 1643க்குப் பின் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தாய்நாட்டிலிருந்து ஒரு கப்பலும் தரங்கம்பாடியை எட்டவில்லை; சம்பளமில்லை, சரக்கில்லை, உத்தரவுமில்லை. 1655இல் அங்கிருந்த டேனிஷ் தலைவர் காலமானபோது, உயர்குலப் பிறப்போ கல்விச் சிறப்போ இல்லாத எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்னும் சாமானிய மனிதரின் கையில் கோட்டை வந்து சேர்ந்தது. கப்பப் பாக்கிக்காகத் தஞ்சைப் படை வந்து தாக்கியபோதெல்லாம் அவர் பணியவில்லை. வங்கக் கடலில் பிறர் கப்பல்களைப் பிடித்து விற்ற பணமே அவருக்கு வருமானம். அது தர்மமன்று என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் அப்பொருளைக் கொண்டு அவர் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். 1669இல் டென்மார்க்கிலிருந்து ஒருவழியாகக் கப்பல் வந்தபோது, கோட்டையில் அந்நாட்டுக் கொடி பறந்துகொண்டிருந்தது. அவரையே முறைப்படி கவர்னராக்கினார்கள்.

அதே 1669ஆம் ஆண்டில், என் வீட்டிற்கு அண்மையிலுள்ள காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு, சிவாஜியின் தம்பியும் பெங்களூர் ஜாகீரை ஆண்டவருமான வெங்கோஜி, மேதரநிங்கனஹள்ளி என்னும் கிராமத்தை மானியமாக விட்டார் என்று கல்வெட்டுக் கூறுகிறது. பின்னர்ப் பிஜப்பூர் சுல்தானின் சேனாதிபதியாகத் தெற்கே சென்ற அவரே ஏகோஜி என்ற பெயரில் தஞ்சையில் மராட்டிய அரசை நிறுவி, 1676இல் தரங்கம்பாடி டேனிஷ்காரரின் பழைய உடன்படிக்கையை உறுதிப்படுத்தினார். கடலைக் காணாத இந்த மேட்டுநிலமும் அந்தக் கரையும் ஒரே மனிதரின் ஆக்ஞைக்கு உட்பட்டிருந்தன என்பது உன் பாடப்புத்தகத்தில் இராது; ஏனெனில் அங்கே பெங்களூர் ஒரு பாடம், தஞ்சை வேறொரு பாடம்.

ஆகவே, நீ அங்கே போகும்போது 1792 என்று பொறித்த நகர வாயிலின் வழியே நுழை. அது பிற்காலத்தில் புதுப்பித்தது; அதற்கு முன் கோங்ஸ்பாக்கே எழுப்பிய மதிலின் நினைவோடு பார். கோட்டையோடு நின்றுவிடாமல், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலில் கடல் அரித்துத் தின்றது போக எஞ்சிய பகுதியையும் காண். டேனிஷ்காரர் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வூர் இருந்தமைக்கு அதுவே சாட்சி. 1845இல் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு டேனிஷ்காரரிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கிய இடங்களின் பட்டியலில், அவ்வூரோடு வங்காளத்துச் செராம்பூரும் சேர்ந்திருந்தது என்பதையும் நினைவில் வை.

எந்த ஊரின் சரித்திரத்தைப் படித்தாலும், வந்தவர் யார் என்பதோடு, உதவி நின்றுபோன காலத்தில் அதை நடத்தியவர் யார் என்றும் கேட்கப் பழகு. பார்த்தவற்றை விவரமாக எழுது. அம்மாவுக்கு என் ஆசியைச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா