கடைவீட்டின் நடுவில் ஏன் வானம் தெரிகிறது?

மாணவர்களே, ஈப்போ பழைய நகருக்குப் போனால் சுவர் ஓவியங்களுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுப்போம், வெள்ளைக் காப்பி குடிப்போம். அடுத்த முறை அந்தக் கடைவீட்டின் நடுப்பகுதியில் நின்று மேலே பாருங்கள். பல வீடுகளில் கூரை ஓரிடத்தில் விட்டுப்போய் வானம் தெரியும். அது இடிந்த இடமன்று. திட்டமிட்டு விட்ட முற்றம்.

1892-இல் ஏற்பட்ட தீ, ஈப்போவின் பாதிக்கும் மேற்பட்ட பகுதியை அழித்தது. பிறகு நகரைக் கட்டம் போட்ட தாளைப் போல நேரான தெருக்களாக அமைத்தார்கள். தெருவோரம் கடைவீடுகள் ஒட்டி ஒட்டி எழுந்தன. கீழே வியாபாரம், மேலே குடும்பம். முகப்பின் அகலம் பெரும்பாலும் 5, 6 மீட்டர்தான். நீளமோ 30 மீட்டரையும் தாண்டும். இரு பக்கமும் அண்டை வீட்டோடு சேர்ந்த செங்கல் சுவர். தீ பரவாமல் தடுக்க அது நல்லது. ஆனால் அதில் சன்னல் வைக்க முடியாதே! நடு அறைக்குக் காற்று எப்படி வரும்?

முற்றத்தின் மேற்பகுதியில் வெயில் பட்டதும் அங்குள்ள காற்று சூடாகி விரிகிறது. அடர்த்தி குறைந்து மேலே ஏறி வெளியேறுகிறது. அந்த இடத்தை நிரப்ப வாசல் வழியே காற்று உள்ளே வருகிறது. வாசலில் இருப்பது காக்கி லீமா, அதாவது ஐந்தடி நடைபாதை. 1822-இல் ராபிள்ஸ் சிங்கப்பூருக்கு வகுத்த விதிகளில் இடம்பெற்ற இந்தக் கூரையிட்ட நடைபாதை, பின்னர் மலாயா நகரங்களுக்கும் பரவியது. அங்கு நிழல், ஆகவே தெருவைவிடச் சூடு குறைந்த காற்று. பாடத்தில் 'பெரோலாக்கான்' என்று படித்தீர்களே, அந்த வெப்பச்சலனம்தான் இது.

மழையில் நனைந்த முற்றத்துத் தரையும் உதவும். 1 கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பம் தேவை. (நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம் என்பதால் இதன் பலன் கொஞ்சம்தான்.)

தோட்டத்து லயத்தில் வளர்ந்த தாத்தா பாட்டி இருந்தால், தகரக் கூரையின் கீழ் மதிய நேரம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். அங்கும் வரிசை வீடுகள்தான். நடுவில் முற்றம் இல்லை.

இப்போது சிலர் மழைக்குப் பயந்து முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் தகட்டைப் போட்டு மூடிவிடுகிறார்கள். ஒளி நுழையும், சூடான காற்று வெளியேற வழியில்லை. பிறகு குளிர்சாதனம் இல்லாமல் உட்கார முடியாது. முகப்புக்கு மட்டும் வண்ணம் பூசிவிட்டு, பழைய கட்டடத்தைக் காப்பாற்றினோம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தகட்டைக் கொஞ்சம் உயர்த்திப் பக்கங்களில் இடைவெளி விட்டாலே மழையும் நிற்கும், காற்றும் போகும்.

முற்றம் மூடாத கடை ஒன்றில் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, வாசற்படி அருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை தானாகவே மேலே ஏறும். நீங்கள் கவனிக்க வேண்டியது அது சாயும் திசையை. காலை 8 மணிக்கு ஒருமுறை, மதியம் 2 மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள்.