நான்கு மாதப் பனிக்காலமும் இரண்டு சட்டங்களும்

உதகையின் தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரமுடையது. ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் மிக உயர்ந்த சிகரமான கோசியஸ்கோவோ 2,228 மீட்டர்தான். ஆயினும் நம் மலையில் உறைபனி புல்லை வெளுக்கச் செய்வதோடு நின்றுவிடுகிறது. அங்கே ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை பனிச்சறுக்கு விடுதிகள் நிரம்பி வழிகின்றன. உயரத்தைவிட அட்சரேகையே பனியைத் தீர்மானிக்கிறது. கோசியஸ்கோவை அடுத்துள்ள பெரிஷர், திரெட்போ, விக்டோரியா மாநிலத்தின் ஃபால்ஸ் கிரீக், மவுண்ட் புல்லர் ஆகிய இடங்களில் இழுவைத் தூக்கிகளை இயக்கவும், சமையற்கூடங்களில் பணிபுரியவும், சறுக்குக் கட்டைகளை வாடகைக்கு வழங்கவும் ஒவ்வொரு பருவத்திற்கும் தற்காலிகப் பணியாளர்கள் தேவைப்படுகின்றனர்.

இந்திய இளைஞர்களுக்கு இவ்வழி அண்மையில்தான் திறந்தது. 2022 ஏப்ரலில் கையெழுத்தாகி, அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலியப் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வணிக ஒப்பந்தத்தின்படி, ஆண்டுதோறும் 1,000 இந்தியர்களுக்குப் பணி-விடுமுறை விசா வழங்கப்படுகிறது. விண்ணப்பிப்போர் 18 முதல் 30 வயதுக்குட்பட்டவராகவும், குறைந்தது இரண்டு ஆண்டு உயர்கல்வி பெற்றவராகவும் இருத்தல் வேண்டும். 2024 அக்டோபரில் தொடங்கிய முதல் பதிவிலிருந்தே தேர்வு குலுக்கல் முறையில் நடைபெறுகிறது. இவ்விசாவில் 12 மாதங்கள் தங்கலாம். பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதங்களுக்கு மேல் பணிபுரியலாகாது. ஒரு பனிப்பருவத்திற்கு அது போதுமானது.

பெங்களூருவிலிருந்து இவ்வாறு புறப்படும் ஒருவர் வங்கிக் கிளையில் கேட்கக்கூடிய முதற்கேள்வி, ‘நான்கு மாதங்களுக்குத்தானே செல்கிறேன், நானும் என்.ஆர்.ஐ. ஆவேனா?’ என்பதாகும். ஒரு சட்டத்தின்படி ஆவார். மற்றொரு சட்டத்தின்படி ஆகமாட்டார் என்பதே சரியான விடை. குழப்பங்கள் பலவும் இதனை அறியாமையால் விளைபவை.

முதலாவது, 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், சுருக்கமாக ஃபெமா. வங்கிக் கணக்கின் வகையைத் தீர்மானிப்பது இதுவே. வெளிநாட்டில் வேலை ஏற்பதற்காக அல்லது வேலை ஏற்று நாட்டை விட்டுச் சென்றவரை இச்சட்டம் இந்தியாவில் வசிப்பவராகக் கருதுவதில்லை. அவ்வேலை நான்கு மாதமா நான்கு ஆண்டா என்று அந்தப் பிரிவு வினவுவதும் இல்லை. எனவே புறப்படுபவர் தம் சாதாரணச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கு ஈட்டும் ஊதியத்தை அனுப்பிச் சேமிக்க விரும்பினால் என்.ஆர்.இ. கணக்கு ஒன்றைத் தனியே தொடங்கலாம்.

இரண்டாவது, வருமான வரிச் சட்டம். இது நோக்கத்தைவிட நாட்களையே முதன்மையாக எண்ணுகிறது. ஒரு நிதியாண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தவர் அவ்வாண்டில் இங்கு வசிப்பவரே. ஜூன் 1 அன்று புறப்பட்டு அக்டோபர் 15 அன்று திரும்புபவர் சுமார் 135 நாட்களே வெளியில் இருக்கிறார்; எஞ்சிய 230 நாட்கள் இந்தியாவில் கழிகின்றன. ஆகவே வரித்துறையின் பார்வையில் அவர் ஊரைவிட்டே போகாதவர் போலத்தான்.

வடகோளப் பனிக்காலத்திற்குச் சென்றாலும் முடிவு மாறுவதில்லை. டிசம்பர் 1 அன்று சென்று ஏப்ரல் 10 அன்று திரும்பினால், பயணம் இரு நிதியாண்டுகளில் பிரிந்து விழுகிறது. முதலாண்டில் சுமார் 120 நாட்களும், அடுத்த ஆண்டில் ஒன்பது நாட்களுமே வெளியில் கழிகின்றன. இரண்டிலும் அவர் இங்கு வசிப்பவரே.

பனி உருகிய பின்னும் திரும்பாமல், பழத்தோட்டத்திலோ கடற்கரை உணவகத்திலோ வேலை தேடி விசாவின் 12 மாதங்களையும் கழிப்பவரின் நிலைதான் கவனத்திற்குரியது. ஜூன் 1 அன்று புறப்பட்டவர் அந்நிதியாண்டில் இந்தியாவில் இருந்தது 62 நாட்களே. முந்தைய நான்கு ஆண்டுகளில் 365 நாட்கள் இங்கிருந்தவருக்கு, 60 நாட்கள் இருந்தாலே வசிப்பவர் என்பது பொது விதி. வேலைக்காக வெளியேறும் இந்தியக் குடிமகனுக்கு மட்டும் அந்த 60 என்பது 182 ஆகிறது. ஆகவே ‘வேலைக்காகச் சென்றார்’ என நிறுவினால் அவ்வாண்டில் அவர் இங்கு வசிக்காதவர். நிறுவ இயலாவிடில் இரண்டு நாள் மிகுதியால் வசிப்பவர். விசாவின் பெயரிலேயே ‘விடுமுறை’ என்னும் சொல் இருப்பதால், விடுதி நிர்வாகம் தரும் பணி நியமனக் கடிதத்தைப் புறப்படும் முன்பே பெற்றுப் பாதுகாத்தல் நலம். கணக்கு மாற்றத்திற்கு வங்கியும் அதனையே கேட்கும்.

இரு சட்டங்களும் மாறுபடும் இடத்தில் பணம் எவ்வாறு நகர்கிறது என்று காண்போம். சாதாரண வைப்புத்தொகை வட்டியில், உச்சவரம்பைத் தாண்டினால் மட்டுமே 10 விழுக்காடு வரி பிடிக்கப்படும். அதே வைப்பு என்.ஆர்.ஓ. ஆனதும், வங்கி வரம்பு பாராமல் 30 விழுக்காடும் அதன்மேல் கூடுதல் தீர்வையும் பிடிக்கிறது. நான்கு மாதம் சென்றவர் வரிச் சட்டப்படி வசிப்பவராதலின், மிகுதியாகப் பிடிக்கப்பட்டதைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். தாக்கல் செய்யாதவருக்கு அது நட்டமே. மறுபுறம் என்.ஆர்.இ. கணக்கின் வட்டிக்குரிய வரிவிலக்கு ஃபெமா நிலையைப் பொறுத்தது. ஆதலால் அவர் அங்கிருக்கும் காலத்து வட்டிக்கு விலக்கு உண்டு.

ஆனால் அங்கு ஈட்டிய ஊதியத்தை இங்கும் வருமானமாகக் காட்ட வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். 2025 ஜூலை முதல் அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 24.95 ஆஸ்திரேலிய டாலர். வாரம் 38 மணி வீதம் 17 வாரங்களுக்கு ஏறத்தாழ 16,100 டாலர் வரும். இத்தகைய விசாவில் வருவோருக்கு, விலக்கு வரம்பு ஏதுமின்றி முதல் டாலரிலிருந்தே 15 விழுக்காடு வரி. எனவே சுமார் 2,400 டாலர் அங்கேயே போய்விடும். இரு நாடுகளுக்கிடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால், அங்கு கட்டியதை இங்கு செலுத்தவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்கென உள்ள படிவத்தைத் தாக்கல் செய்வது கட்டாயம். அவ்வருமானத்திற்கு இங்கு வரும் வரியைவிட அங்கு கட்டியது மிகுதியாயின், மிகுதியை இந்தியா திருப்பித் தராது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆஸ்திரேலிய வரியாண்டு ஜூன் 30 அன்று முடிவடைகிறது. ஜூனில் தொடங்கும் பருவத்தின் முதற்சில வாரங்கள் ஓர் ஆண்டிலும் எஞ்சியவை அடுத்த ஆண்டிலும் சேரும். நம் நிதியாண்டிலோ எல்லாம் ஒன்றாகவே விழும். ஒவ்வொரு ஊதியச் சீட்டையும் தேதி வாரியாக வைத்திருப்பவருக்கே கணக்கு நேராகும். அங்கு தொடங்கிய ஊதியக் கணக்கையும், அது வெறுமையாகவே கிடந்தாலும், வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் தெரிவிக்க வேண்டும். 2024 அக்டோபர் முதல், அசையாச் சொத்து நீங்கலாக மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவற்றுக்கு 10 லட்சம் ரூபாய்த் தண்டம் இல்லை. தெரிவிக்கும் கடமை மட்டும் நீங்கவில்லை.

ஊதியத்திற்கு மேல் 12 விழுக்காடு ஓய்வூதிய நிதியில் முதலாளி செலுத்துவார். நம் எடுத்துக்காட்டில் அது சுமார் 1,930 டாலர். நாட்டை விட்டு வெளியேறி விசா முடிவுற்றபின் அதனைக் கோரலாம். ஆயினும் பணி-விடுமுறை விசாவினருக்கு அதில் 65 விழுக்காடு வரியாகக் கழியும். கைக்கு வருவது 680 டாலருக்கும் குறைவு. கடன் அடைக்கும் திட்டத்தில் இதனை முழுத்தொகையாக எழுதிவைப்பது பிழை. விடுதி வளாக அறையின் வாடகையும் பெரும்பாலும் ஊதியத்திலேயே பிடிக்கப்படும். பனிச்சறுக்கு விபத்துகளைப் பல பயணக் காப்பீடுகள் விலக்கி வைத்திருப்பதால் பத்திரத்தை ஊன்றிப் படித்தல் வேண்டும்.

குலுக்கலில் பெயரைப் பதிய 25 ஆஸ்திரேலிய டாலரே கட்டணம். தேர்வாவதற்கு உறுதியளிக்க எம்முகவராலும் இயலாது. வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கத்தக்க சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய சரக்கு மற்றும் சேவை வரியுமே. பதிவு எண்ணை அரசின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் சரிபார்க்கலாம். முறையிட விரும்புவோருக்குப் பெங்களூருவிலேயே குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் உள்ளது.

திரும்பியபின் இங்கேயே தங்கும் எண்ணமாயின், கணக்குகளைத் தாமதமின்றி மீண்டும் சாதாரணக் கணக்காக்க வேண்டும். எஞ்சிய வெளிநாட்டுப் பணத்தை ரூபாயாக்க விரும்பாதவர், திரும்பி வந்தோருக்கான ஆர்.எஃப்.சி. கணக்கில் டாலராகவே வைத்துக்கொள்ளலாம். கையில் 5,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் நோட்டுகளாகக் கொண்டுவருபவர் விமான நிலையச் சுங்கத்தில் அறிவிப்புப் படிவம் அளித்து, அதன் நகலை வாங்கி வரவேண்டும். அந்நோட்டுகளைக் கணக்கில் செலுத்த வரும்போது வங்கி அந்நகலைக் கேட்கும்.