பழங்கோயிலும் பஞ்சாயத்தும்

விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரத்தை அடுத்துள்ள பிரம்மதேசம் ஒரு சிற்றூரே. ஆயினும், பிரம்மபுரீசுவரர் கோயில், பாதாளீசுவரர் கோயில் என்னும் சோழர் காலக் கோயில்கள் இரண்டு அங்கே உள்ளன. இரண்டும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அண்டையிலுள்ள எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்கள் உணவு பெற்றுக் கல்வி பயின்றனர் என்பதை அவ்வூர்க் கல்வெட்டினால் அறிகிறோம். அக்கல் அழிந்திருப்பின் அச்செய்தியும் அழிந்திருக்கும்.

கட்டடத்தை மட்டும் காத்தால் போதுமா? போதாது, அதன் சூழலையும் காத்தல் வேண்டும். அமெரிக்காவில் சார்லஸ்டன் என்னும் நகரம் 1931ஆம் ஆண்டிலேயே ஒரு பகுதி முழுவதையும் பழைமைப் பகுதியாக வரையறுத்தது. அங்கே கட்டடங்களின் வெளித்தோற்றத்தை மாற்ற விரும்புவோர் ஒரு குழுவின் இசைவைப் பெற வேண்டும். பின்னர்ச் சிற்றூர்கள் பலவும் இம்முறையை மேற்கொண்டன. கட்டுப்பாட்டுடன் உதவியும் அங்குண்டு. வருவாய் தரும் பழங்கட்டடத்தை முறைப்படி செப்பனிடுவோர்க்கு, தகுதியுள்ள செலவில் 20 விழுக்காட்டளவு மத்திய அரசின் வரியில் கழிக்கப்படுகிறது.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் இதற்கென 1958ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. 2010இல் அது திருத்தப்பட்டது. அதன்படி, மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அங்கே புதுக் கட்டடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே அனுமதி பெற்றே கட்டுதல் வேண்டும். தடைப்பகுதியில் 1992 ஜூன் 16ஆம் நாளுக்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்க அதன் உரிமையாளர் விண்ணப்பிக்கலாம். விதியை மீறினால் இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

இந்தத் தூரத்தைக் கோபுரத்திலிருந்து அளப்பது தவறு. பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்தே அளத்தல் வேண்டும். இதனை அறியாத விவசாயி ஒருவர், விளைச்சலில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு அடித்தளம் போட்டு, சுவரும் எழுப்பிய பின்னர்த் தடையாணை பெறுவாராயின், அக்குடும்பத்தின் இழப்பை யார் ஈடு செய்வது? கோயிலைக் காப்பது எவ்வளவு கடமையோ, அவ்விழப்பு நேராமல் காப்பதும் அவ்வளவு கடமையாகும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

முதலாவதாக, இவ்விரு பகுதிகளிலும் அடங்கும் நிலங்களின் சர்வே எண்களைத் தொல்லியல் துறையிடம் கேட்டறிந்து, பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுதி வைக்கலாம். கிராம சபையிலும் படித்துக் காட்டலாம். இரண்டாவதாக, மனை வாங்குவோரும் வீடு கட்டுவோரும் பணம் செலவிடுமுன் அப்பட்டியலைப் பார்க்குமாறு அறிவுறுத்தலாம். மூன்றாவதாக, பொதுமக்களுக்கான குடிநீர், வடிகால், பொதுக்கழிப்பிடம், மின்வசதி ஆகிய பணிகளை இச்சட்டம் ‘கட்டுமானம்’ என்னும் சொல்லின் பொருளில் சேர்க்கவில்லை. ஆகவே, கோயிலைக் காரணங்காட்டி அத்தெருவின் வசதிகளை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. ஆயினும், பள்ளம் தோண்டுமுன் துறையினரைக் கலந்துகொள்வது நலம்.

மண்ணுக்குள் இருப்பவை

1987இல் அருகிலுள்ள எசாலம் கோயிலில் திருப்பணி நடந்தபொழுது, இராசேந்திர சோழனின் செப்பேடுகள் கிடைத்தன. இப்பகுதியில் உழும்போதோ, கிணறு வெட்டும்போதோ சிலையோ செப்பேடோ கிடைக்கக்கூடும். கிடைத்தால், அதை மேலும் கிளறாமலும் தேய்த்துத் துலக்காமலும் உடனே கிராம நிர்வாக அலுவலர்க்கும் வட்டாட்சியர்க்கும் தெரிவித்தல் வேண்டும். புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்க வேண்டுமென்பது 1878ஆம் ஆண்டு முதல் உள்ள சட்டம். துறையின் பாதுகாப்பில் இல்லாத சிறு கோயில்களிலும், கல்வெட்டின்மீது வண்ணம் பூசுவதையும் மணல் வீச்சினால் கல்லைச் சுத்தம் செய்வதையும் தவிர்த்தல் வேண்டும். எழுத்து ஒருமுறை தேய்ந்தால் மீளாது.

கோயில் ஊருக்குப் பெருமை. வீடு குடும்பத்துக்கு நிழல். எல்லையை முன்னரே அறிந்த ஊரில் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையாக வேண்டியதில்லை. அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே சர்வே எண்களின் பட்டியலைப் பெறத் தீர்மானம் நிறைவேற்றுவது நல்ல தொடக்கமாகும்.