பேர் கூடிப்போச்சு என்கிற பிள்ளைகளுக்கு

ஒருகொடவத்தைப் பிள்ளைகளான நீங்கள் என்னிடம் கல்கியின் பொன்னியின் செல்வன் நாவலின் முதல் பாகத்தை வாங்கிப் போகிறீர்கள். ஒரு கிழமையில், "பேர் கூடிப்போச்சு ஐயா" என்று திருப்பித் தருகிறீர்கள். பதினாலு வயதில் எனக்கும் அதுதான் நடந்தது. இரண்டு தரம் விட்டு, மூன்றாம் தரம் பிடித்தவன் சொல்கிறேன்.

1. பேர்களைப் பாடமாக்க வேண்டாம். என்ன வழக்கு என்று முதலில் பாருங்கள். இது முதுசச் சண்டை. சோழ மன்னர் கண்டராதித்தர் இறந்தபோது மகன் மதுராந்தகன் குழந்தை. அதனால் தம்பி அரிஞ்சயர் பட்டத்துக்கு வந்தார். அவருக்குப் பின் அவர் மகன் சுந்தர சோழர். இப்போது சுந்தர சோழர் நோயில் கிடக்கிறார். அடுத்த உரிமை அவர் மூத்த மகன் ஆதித்த கரிகாலனுக்கா, வளர்ந்துவிட்ட மதுராந்தகனுக்கா? பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும் காணி உறுதியை வைத்துக்கொண்டு பிடிக்கிற அதே சண்டைதான். புதிதாக ஒருவர் வந்தால், அவர் எந்தப் பக்கம் என்று மட்டும் கேளுங்கள். பேர் தானாக மனதில் நிற்கும்.

2. கலண்டர் தாளின் பின்பக்கத்தில் வம்சத்தைக் கீறுங்கள். பென்சிலால் கீறுங்கள். கதையில் வரும் நந்தினி என்ற பெண்ணை எங்கே போடுவது என்று தெரியாமல் நான் நாலு தரம் அழித்ததில் தாள் அந்த இடத்தில் மெலிந்து ஓட்டையே விழுந்துவிட்டது. இன்னும் மூன்றாம் பாகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

3. பழுவேட்டரையர் என்ற பேரில் இருவர் வருவார்கள், குழம்ப வேண்டாம். பெரியவர் தனாதிகாரி, உடம்பில் 64 விழுப்புண். சின்னவர் தஞ்சைக் கோட்டைக்குக் காவல்.

4. அவசரம் வேண்டாம். கல்கி இந்த நாவலை 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடர்கதையாக எழுதினார். ஐந்து பாகம், முந்நூறு அத்தியாயத்துக்குக் கிட்ட. அன்றைய வாசகர்களுக்கு ஓர் இதழில் வந்ததைப் பற்றிக் கதைக்க ஒரு கிழமை இருந்தது. நீங்களோ ஒரே விடுமுறையில் முடிக்கப் பார்க்கிறீர்கள். சந்தியில் கொன்டெய்னர் லொறிகளுக்குப் பின்னால் பஸ் நிற்கிற நேரம் ஒரு அத்தியாயத்துக்குப் போதும்.

5. களைத்தாலும் இரண்டாம் பாகம் வரை வாருங்கள். கோடிக்கரையில் படகோட்டிப் பெண் பூங்குழலியின் படகேறி, கதாநாயகன் வந்தியத்தேவன் இலங்கைக்கு வருகிறான். தஞ்சாவூரை நான் கண்டதில்லை. ஆனால் அவன் போகிற தம்புள்ளையும் அநுராதபுரமும் நாங்கள் பஸ்ஸில் போய்வரும் ஊர்கள். இலங்கையில் நடக்கிற கதையில் ஆட்களும் குறைவு, மூச்சு விடலாம்.

6. அந்தப் பாகத்தில் வாய் பேசாத ஒரு பெண் வருவாள். அநுராதபுரத்தில் அவள் சுவரில் கீறிவைத்த சித்திரங்களை சுந்தர சோழரின் இளைய மகன் அருள்மொழிவர்மன் பார்க்கிற அத்தியாயத்தை மெதுவாக வாசியுங்கள். முடித்ததும் உங்கள் கலண்டர் தாளைக் கொண்டுவாருங்கள். நந்தினியை எங்கே கீறுவது என்று இருவருமாகப் பார்ப்போம்.