வளைபாதக் குழந்தைகளுக்குக் கட்டுப்போட வந்திருக்கும் இளம் மருத்துவர்களுக்கு

பிறக்கும்போதே உட்பக்கம் மடங்கிய பாதம், ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரு மடங்கு. பாதிப் பேருக்கு இரண்டு கால்களிலும். கத்தி பிடித்துப் பழகிய கையோடு வந்திருக்கிறீர்கள். இந்த அறையில் அதற்கு வேலை குறைவு.

1. பாதத்தை அப்புறம் பாருங்கள். முதலில் துணியை அவிழ்த்துக் குழந்தையை முழுதாகப் பாருங்கள். இடுப்பு மூட்டு நழுவுகிறதா, முதுகுத்தண்டின் மேல் குழியோ மயிர்க்கற்றையோ உண்டா, மற்ற மூட்டுகள் விறைத்திருக்கின்றனவா? கையால் தள்ளினாலே நேராகிவிடும் பாதம் வளைபாதமே அல்ல.

2. கிரகணத்தன்று வெளியே போனதால்தான் இப்படி என்று தாயைக் குற்றவாளி ஆக்கியிருப்பார்கள். அது பொய் என்பதை மாமியார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். ஐந்து வயதுவரை உங்கள் சிகிச்சையைத் தாங்கப்போகிறவள் அந்தத் தாய்தான்.

3. இந்த மாவுக்கட்டு முறை எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இக்னாசியோ போன்செட்டி, அறுவை செய்த பாதங்கள் பின்னாளில் விறைத்து வலுவிழப்பதைக் கண்டு, 1940களின் இறுதியில் கையாலும் மாவுக்கட்டாலும் திருத்தத் தொடங்கினார். 1963இல் கட்டுரை வெளியிட்டார். உலகம் அதைப் பரவலாக ஏற்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

4. முதல் கட்டில் பாதம் இன்னும் கோணலாகத் தெரியும், பயப்படாதீர்கள். பெருவிரல் பக்கத்தைத் தூக்கி உள்வளைவைச் சமன்செய்வதே முதல் வேலை. முன்பாதத்தை வெளிப்பக்கம் முறுக்கித் திருப்பினால் அந்த வளைவு கூடும். அடுத்தடுத்த வாரங்களில் கட்டைவிரலைத் தாலஸ் எலும்பின் தலைமேல் வைத்து, பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் நகர்த்துங்கள். குதிகாலைத் தொடாதீர்கள்; அது தானே பின்தொடரும். பாதத்தை மேலே தூக்குவது கடைசியில்தான். அவசரப்பட்டுத் தூக்கினால் நடுப்பாதம் மடங்கி, உள்ளங்கால் படகின் அடிபோல் புடைத்துவிடும்.

5. தாய்ப்பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே கட்டுப்போடுங்கள். அழும் குழந்தையின் காலோடு மல்லுக்கட்ட முடியாது. பஞ்சு மெல்லியதாக இருக்கட்டும். முழங்காலை 90 பாகை மடக்கித் தொடைவரை போடுங்கள். முழங்காலோடு நிறுத்தினால் கட்டு கழன்றுவரும். விரல்கள் கறுத்தாலோ, கட்டுக்குள் இழுத்துக்கொண்டாலோ உடனே வரச்சொல்லுங்கள். பழைய கட்டை முந்தின இரவே வீட்டில் ஊறவைத்துப் பிரிக்கவிடாதீர்கள். வாரத்தின் பலன் அந்த இரவிலேயே குறையத் தொடங்கும்.

6. பெரும்பாலும் ஐந்தாறு கட்டுகள் போதும். பிறகு பல குழந்தைகளுக்குக் குதிகால் தசைநாணை வெட்டிவிட வேண்டியிருக்கும். மரத்துப்போகும் ஊசி போட்டு, தையலில்லாமல் செய்துவிடலாம். அதன்பின் மூன்று வாரக் கட்டு. அதற்குள் தசைநாண் நீண்டு சேர்ந்துவிடும்.

7. கடைசிக் கட்டைப் பிரிக்கும் நாளில் எல்லாரும் இனிப்போடு வருவார்கள். அன்றைக்குத்தான் கண்டிப்பாக இருங்கள். பாதம் நேரானது பாதிச் சிகிச்சைதான். கம்பி இணைத்த ஷூவை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பிறகு நான்கைந்து வயதுவரை தூங்கும்போதும் போடவேண்டும். நோய் திரும்புவதற்கு முதல் காரணம் ஷூவைக் கழற்றிவைப்பதே. 'போடுங்கள்' என்று சீட்டில் எழுதினால் போதாது. தாய், தந்தை, பாட்டி மூவரையும் உங்கள் எதிரிலேயே மாட்டிக் கழற்றச் செய்யுங்கள். குதிகால் ஷூவுக்குள் நன்றாக இறங்கியிருக்கிறதா என்று பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

8. செலவைக் கேளுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் வளைபாதமும் சேர்ந்திருக்கிறது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு வழிகாட்டுங்கள். பஸ் செலவும் ஒரு நாள் கூலியும்தான் பலரை வராமல் ஆக்குகின்றன. தேதியை அவர்கள் தோதுக்குக் குறியுங்கள்.

9. பாதம் மறுபடி மடங்கி வந்தால் திட்டாதீர்கள். திட்டு வாங்கிய தாய் அடுத்தமுறை வரமாட்டாள். திரும்பவும் கட்டுப்போட்டால் பெரும்பாலும் சரியாகும். வளர்ந்த சில குழந்தைகளுக்குத் தசைநாணை இடம்மாற்றும் சிறு அறுவை உண்டு. எந்த வயதில் வந்தாலும் 'தாமதம்' என்ற சொல்லோடு தொடங்காமல், பாதத்தைக் கையில் எடுங்கள்.