மெய்நிகர் உலகமும் கூடிக் கற்றலும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பர் நம் முன்னோர். நூலறிவு செயலோடு கூடியபோதே பயன்தரும் என்பது அதன் கருத்து. இக்காலத்தில் ஆறும் மரமும் ஊரும் கணினித் திரையிலே படைக்கப்படுகின்றன. வெவ்வேறிடங்களில் இருக்கும் பலர், ஒவ்வொருவரும் ஓர் உருவம் பூண்டு, அங்கே புகுந்து உரையாடித் தொழிற்படுகின்றனர். இதனையே மெய்நிகர் உலகம் என்பர். திரையிலே காய்க்கும் சுரைக்காயாவது கறிக்குதவுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வுலகங்கள் நேற்றுத் தோன்றியனவல்ல. 1978ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணாக்கர் சொற்களால் மட்டும் அமைந்த ஓர் உலகை இயற்றத் தொடங்கினர். 2003இல் ஐக்கிய அமெரிக்காவின் லிண்டன் லாப் நிறுவனம் ‘செக்கண்ட் லைவ்’ என்னும் உலகை வெளியிட்டது. பல்கலைக்கழகங்கள் பல அங்கே இடம்பெற்று விரிவுரை மண்டபங்களை எழுப்பின. ஆயின், வரிசையாக இருக்கை இட்டு, முன்னே ஒருவர் நின்று பேசுவதற்கு மெய்யான வகுப்பறையே போதுமன்றோ? மண்டபத்தின் பொலிவு கல்வியாகாது. மாணாக்கர் அங்கே செய்தற்கு ஒரு காரியம் வேண்டும்; அது தனியொருவராற் செய்து முடிக்கவியலாத காரியமாதலும் வேண்டும்.

இவ்வுண்மையை ஹாவார்ட் பல்கலைக்கழகத்தார் அமைத்த இரு உலகங்கள் நன்கு விளக்குகின்றன. முதலாவது, ‘ரிவர் சிற்றி’ என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரம். அங்கே நீரால் வரும் நோய், பூச்சியால் வரும் நோய், ஆளுக்கு ஆள் தொற்றும் நோய் ஆகிய மூன்றும் விரவி நிற்கும். மாணாக்கர் சிறு குழுக்களாகச் சென்று, நகர மாந்தரை வினாவி, நீரைச் சோதித்து, கருதுகோள் அமைத்து, ஈற்றில் நகரபிதாவுக்குக் கடிதம் வரைவர்.

இரண்டாவது, ‘ஈக்கோமியூவ்’. அதில் ஒரு குளம் உண்டு. கோடையில் ஒருநாள் அதன் பெரிய மீன்கள் செத்துக் கிடக்கின்றன. காரணம் யாது? குழுவில் நால்வர். ஒருவர் உயிரினங்களைக் கணக்கிடுவார். ஒருவர் நுணுக்குக்காட்டியாற் சிற்றுயிர்களை நோக்குவார். ஒருவர் நீரின் இரசாயனத்தை அளப்பார். மற்றவர் அயலாரை வினாவித் துப்பறிவார். எவரும் தனித்து விடை காணார். நால்வரும் தாம் கண்டவற்றை ஒருங்கு வைத்து ஆராயும்போதே உண்மை புலனாகும். நிலத்துக்கு இட்ட பசளை மழைநீரோடு குளத்தை அடைந்தது. அதிலுள்ள பொசுபேற்றினால் அல்கா பெருகியது. அல்கா மடிய, அதனைச் சிதைக்கும் பற்றீரியாக்கள் நீரிலுள்ள ஒட்சிசனைப் பயன்படுத்தின. மீன்கள் மூச்சின்றி மடிந்தன. இறப்பு நேர்ந்தது குளத்தில். காரணமோ குளத்துக்கு அப்பால், பல நாட்களுக்கு முன்னர் நிகழ்ந்தது. மெய்யான குளத்திற் பல வாரங்கள் காத்திருந்து காணவேண்டிய மாற்றத்தை, இங்கே மாணாக்கர் முன்னும் பின்னும் சென்று காண்கின்றனர். இவ்வுலகத்தின் தனிச்சிறப்பு இதுவே.

நிற்க. மெய்யான குளத்தை நாடவேண்டா என்பது எம் கருத்தன்று. இதே பாடம் நம் வாயிற்படியிலும் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் படையினூடே பசளையின் நைத்திரேற்று இறங்கிக் கிணற்று நீரிற் கலந்துள்ளமை ஆய்வுகள் கண்ட உண்மை. திரையிலே குளத்தைத் துருவிய மாணாக்கர், அடுத்து உண்மைக் கிணற்றின் நீரைப் போத்தலில் எடுத்துச் சோதிப்பாராயின், ஏட்டுச் சுரைக்காய் கறியாகும்.

ஆசிரியர் பணி இதனாற் குறைவதில்லை, மிகுகின்றது. வினாவை வகுத்தல், குழுவில் ஒருவரே பேசி மற்றையோர் வாளாவிருத்தலைத் தடுத்தல், அந்நியர் புகாதவாறு காத்தல், ஈற்றில் கண்டவற்றைத் தம் சொல்லால் எழுதுவித்தல் ஆகிய நான்கும் ஆசிரியர் கடன். இவையின்றேல் மெய்நிகர் உலகம் வெறும் விளையாட்டாய் முடியும்.

விழாக் காணும் இவ்வேளையிற் கல்லூரிக்கு யாது வழங்கலாம் எனப் பழைய மாணவர் வினவுகின்றனர். கணினிகள் வேண்டுவனவே. ஆயினும் அவை சில ஆண்டுகளிற் பழுதுறும். கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவருள் இரசாயனவியலாரும் மருத்துவரும் பொறியியலாரும் உளர். அவர்கள் கிழமைக்கு ஒரு மணி நேரம் இத்தகைய உலகொன்றிலே நம் மாணாக்கரோடு ஒரே குழுவிற் சேர்ந்து, ஒரே வினாவுக்கு விடை தேடுவாராயின், அதனினும் சிறந்த நன்கொடை பிறிதில்லை. விடையை உடனே சொல்லிவிடாமை ஒன்றே அவர்களிடம் நாம் வேண்டும் நிபந்தனை.